கார் கம்பெனியில் மூன்றேகால் வருஷம்: ஒரு மெக்கானிக் மகளின் மதிப்பீடு

இன்டர்வியூவுக்கு ஐந்துக்கு நாலரை. வேலைக்கு மூன்று. கேன்டீன் சாம்பாருக்கு ஒன்று, அதுவும் வெள்ளிக்கிழமை முருங்கைக்காய் போடுவார்கள் என்பதற்காக.

கம்பெனி பெயரைப் போட மாட்டேன். வெளியே வரும்போது கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளில் எதையெல்லாம் பேசக் கூடாது என்று ஒன்றரைப் பக்கத்துக்கு இருந்தது. கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தைச் சுற்றி ஒரு நடை போனால் இவர்கள் வண்டி குறைந்தது நாலு கண்ணில் படும், அவ்வளவு பெரிய கம்பெனி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தலைமையகம் வெளிநாட்டில். நான் இருந்த மென்பொருள் அலுவலகம் சென்னைப் புறநகரில். 2022 மார்ச்சில் சேர்ந்தேன், 2025 ஜூனில் வந்துவிட்டேன். கடலூரிலும் பாண்டியிலும் இசிஇ, இஇஇ முடித்த பிள்ளைகள் "அக்கா, கார் கம்பெனியில கோடிங் வேலையாமே, போலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆளுக்கொரு வாய்ஸ் நோட் அனுப்பித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அதனால் மொத்தமாக இங்கே.

அப்பாவுக்குத் திருப்பாதிரிப்புலியூரில் கார் ஷெட். அம்பாசிடர் காலத்திலிருந்து அதே இடம். நான் பாண்டியில் இஇஇ படித்துவிட்டு, கார் பாகம் செய்யும் கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு சர்வீஸ் கம்பெனியில் ஐந்து வருஷம் எம்பெடட் சி, அதாவது கருவிகளுக்குள் ஓடும் சி புரோகிராம், எழுதினேன். கார் கம்பெனிக்கே போய்விட வேண்டும் என்பது அந்த ஐந்து வருஷமும் இருந்த ஆசை. சப்ளையர் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாருக்கும் இருக்கும். அந்தப் பக்கம் போனால் நாம் சொல்வதை இவர்கள் கேட்பார்கள் என்ற கணக்கு.

கல்லூரித் தோழி ஒருத்தி ரெஃபர் செய்தாள். எச்ஆர் போன் பத்து நிமிஷம். அதில் ஏழு நிமிஷம் என் 90 நாள் நோட்டீஸை எப்படி 45 ஆக்குவது என்பது பற்றி. பிறகு ஆன்லைன் டெஸ்ட், ஒன்றரை மணி நேரம். சி-யில் இரண்டு புரோகிராம், மிச்சம் டிக் அடிப்பது. கடலூர் வீட்டு ஹாலில் உட்கார்ந்து எழுதினேன். அம்மா காபியை நீட்டியதும் "வேறு ஒருவர் திரையில் தெரிகிறார்" என்று கம்ப்யூட்டர் எச்சரித்தது. அம்மா கேமராவைப் பார்த்து முறைத்ததும் பதிவாகியிருக்கும். பாஸ் ஆகிவிட்டேன்.

அடுத்தது வீடியோ ரவுண்டு. இதற்குத்தான் நான் நாலரை கொடுத்தது. கேள்வி கேட்டவருக்கு ஐம்பது வயது இருக்கும், அவசரமே இல்லாத மனுஷர். சி மொழியில் வோலடைல் (இந்த மதிப்பு வெளியிலிருந்தும் மாறலாம் என்று கம்பைலருக்குச் சொல்லும் சொல்) எதற்கு என்பது எல்லாரும் கேட்பதுதான். ஒரே வேரியபிள் கான்ஸ்ட்டாகவும் (நம் கோட் மாற்றக் கூடாதது) வோலடைலாகவும் இருக்க முடியுமா என்றார். முடியும், நாம் எழுதக் கூடாத, ஹார்டுவேர் மட்டும் மாற்றும் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர் அப்படித்தான் என்றேன். அடுத்து பைட் வரிசை. வேகம் இரண்டு பைட்டில் வருகிறது, முதல் பைட் 31, அடுத்தது 64, ஒரு எண்ணுக்கு மணிக்கு 0.01 கிலோமீட்டர், வண்டி எவ்வளவு வேகம்? 31-ஐ 256-ஆல் பெருக்கி 64 கூட்டினால் 8000, ஆகவே 80. "நீ புரட்டிப் படிச்சிட்டா?" 164. "80-ல போற வண்டிக்கு மீட்டர் 164 காட்டினா கஸ்டமர் என்ன செய்வார்?" "பயந்து பிரேக்கை அழுத்துவார் சார்." "இல்லம்மா, வீடியோ எடுத்துப் போடுவார்."

கேன் பஸ்ஸைத் தொடாமல் எந்தக் கார் கம்பெனி இன்டர்வியூவும் முடியாது. தெரியாதவர்களுக்காக: காருக்குள் பிரேக்குக்கு ஒன்று, இன்ஜினுக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று என்று தனித்தனி கம்ப்யூட்டர் பெட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் ஒவ்வொன்றுக்கும் வயர் இழுத்தால் காரில் ஆள் உட்கார இடம் இருக்காது. எல்லாப் பெட்டியும் ஒரே இரண்டு வயரில் (கேன் ஹை, கேன் லோ) பேசிக்கொள்கிற ஏற்பாடுதான் கேன். பாஷ் கம்பெனி 1986-இல் வெளியிட்டது. இரண்டு பெட்டி ஒரே நேரத்தில் வாயைத் திறந்தால் எந்தச் செய்தியின் எண் சிறியதோ அது தொடரும், மற்றது தானாக வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும். செய்தி உடையாது. இதை அவரிடம் ஒப்பித்தேன், தலையாட்டினார். பிறகு கேட்டார்:

"பேட்டரியைக் கழட்டிட்டு கேன் ஹைக்கும் கேன் லோவுக்கும் நடுவுல மல்டிமீட்டர் வைக்கிறே. எவ்வளவு காட்டணும்?"

"60 ஓம்."

"120 காட்டுது."

"ஒரு பக்கத்து டெர்மினேஷன் போயிருக்கு. இல்ல நடுவுல எங்கேயோ வயர் அறுந்திருக்கு."

இந்தப் பதில் எனக்குப் படிப்பில் வரவில்லை. இரண்டு முனையிலும் டெர்மினேஷன் என்று 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதும், இரண்டும் இணையாக இருந்தால் 60 ஆவதும் புத்தகத்தில் உண்டுதான். ஆனால் வாயில் வந்து நின்றது அப்பாவின் குரல். "60 காட்டினா மூடிட்டு அடுத்த வேலையப் பாரு, 120 காட்டினா இன்னிக்கு ராத்திரி சாப்பாடு லேட்டு." அப்பாவுக்கு ஏன் 60 என்று தெரியாது. யாரோ ஒரு ஷோரூம் டெக்னீஷியன் சொல்லிக் கொடுத்தது, அவ்வளவுதான். இதை இன்டர்வியூவில் சொன்னேன். அவர் கேமராவை நோக்கிச் சாய்ந்து, "அப்பா எங்கே ஷெட் வச்சிருக்கார்?" என்று கேட்டார். இன்டர்வியூ அதற்குப் பிறகு அரை மணி நேரம் நீண்டது. பாதி நேரம் கடற்கரை ஊர்களில் வயர்களை இணைக்கும் கப்ளருக்குள் களிம்பு எப்படிப் பிடிக்கிறது என்பது பற்றி.

நேரில் போன ரவுண்டுக்கு அதிகாலை கடலூர் பஸ் ஸ்டாண்டில் நாலு மணி வண்டி. பாண்டி தாண்டும்வரை தூங்கினேன், அப்புறம் தூக்கம் வரவில்லை. அங்கே வெள்ளைப் பலகையில் பவர் விண்டோவுக்கு ஸ்டேட் மெஷின் (எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு எப்போது மாற வேண்டும் என்ற படம்) போடச் சொன்னார்கள். கண்ணாடி மேலே ஏறும்போது விரல் மாட்டினால் திரும்பி இறங்க வேண்டும். மோட்டார் திணறுவதை வைத்து அது தெரியும். அது எளிது. சிக்கல் அதற்குப் பிறகுதான். வெயிலில் ரப்பர் காய்ந்து இறுகினாலும் மோட்டார் திணறும், பேட்டரி வீக்காக இருந்தாலும் வேகம் குறையும். விரலா, ரப்பரா? உச்சிக்கு மிக அருகில் ரப்பரை அழுத்தித்தான் கண்ணாடி மூட வேண்டும், அங்கே திணறலைப் பொருட்படுத்தக் கூடாது, அப்படியென்றால் எங்கிருந்து பொருட்படுத்தாமல் விடுவது? ஒரு மணி நேரம் அழித்து அழித்துப் போட்டேன். சரியான விடை என்று ஒன்று இல்லை, எதையெல்லாம் மறந்துவிட்டாய் என்று பார்க்கிறார்கள். இப்படி ஒரு இன்டர்வியூ என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. லீட்கோடு என்ற ஆன்லைன் புரோகிராம் பயிற்சி மட்டும் போட்டுத் தேற்றிக்கொண்டு போகிறவர்கள் இங்கே திணறுவார்கள். கையில் ஒரு மல்டிமீட்டரும் பழைய போர்டும் வைத்து நோண்டுகிறவர்களுக்கு இது திருவிழா.

அரை மார்க் குறைத்ததற்குக் காரணம் மேனேஜர் ரவுண்டு. "சப்ளையர் இது எங்க பிழையே இல்லைன்னு சொன்னா என்ன செய்வீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி. "தரவுகளோடு பேசிப் புரியவைப்பேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்று ரவுண்டிலும் சேர்த்து நிஜமான வேலை பற்றிய கேள்வி அது ஒன்றுதான் என்பது சேர்ந்த பிறகு தெரிந்தது.

ஆஃபர் கைக்கு வர ஆறு வாரம். பழைய சம்பளத்தைப் போல ஒன்றரை மடங்கு. தாளில் போட்டிருக்கும் பெரிய எண்ணில் ஒரு பங்கு வருஷக் கடைசியில் கம்பெனி லாபம், உங்கள் ரேட்டிங் இரண்டையும் பார்த்துத்தான் வரும். அதைக் கழித்துவிட்டு வீட்டு லோன் கணக்கைப் போடுங்கள். ஊழியருக்கு வண்டியில் டிஸ்கவுன்ட் உண்டு. அப்பாவிடம் சொன்னேன். "கொடுத்தாலும் அந்த கியர்பாக்ஸ் எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டார்.

இனி வேலை.

சேர்ந்து ஏழு மாதம் வரை ஒரு வரி கோட் எழுதவில்லை. பதவிப் பெயர் சாப்ட்வேர் இன்ஜினியர். செய்தது மேஸ்திரி வேலை. மேஸ்திரி என்று நான் கேவலமாகச் சொல்லவில்லை, நல்ல மேஸ்திரி இல்லாத வீடு ஒழுகும். ஆனால் கொத்தனார் வேலைக்கு இன்டர்வியூ எடுத்துவிட்டு, கையில் கரண்டி கொடுக்காமல் கயிறு பிடிக்கச் சொன்னால் எப்படி இருக்கும்?

ஏன் இப்படி என்பதற்கு ஒரு காரணம் உண்டு. கார் கம்பெனிகள் காலங்காலமாகப் பெட்டியை வெளியே வாங்குகின்றன. பிரேக் பெட்டி ஒருவரிடம், கதவுப் பெட்டி இன்னொருவரிடம், உள்ளே இருக்கும் மென்பொருளும் அவர்களுடையது. இன்றைய காரில் இப்படி எழுபது, நூறு பெட்டிகூட இருக்கும். கார் கம்பெனி இன்ஜினியர் செய்வது, பெட்டி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது. "இந்த நிலையில், இவ்வளவு நேரத்துக்குள், இதைச் செய்தே ஆக வேண்டும்" என்று ஒவ்வொரு வாக்கியமும் சட்டப் புத்தகம்போல இருக்கும். ஒரு வாக்கியத்துக்கு நாலு பேர் ஒப்புதல். திரும்பி வருவது ஒரு ஹெக்ஸ் ஃபைல், அதாவது பெட்டிக்கு மட்டும் புரிகிற எண்கள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, பெட்டியில் ஏற்றி, லேபில் கட்டிவைத்து, தப்பு இருக்கிறதா என்று வெளியிலிருந்து தட்டித் தட்டிப் பார்க்க வேண்டும். தேங்காய் வாங்குகிற மாதிரி.

டெஸ்லாவைப் பார்த்துவிட்டு எல்லாக் கம்பெனிகளும் இனி மென்பொருளை வீட்டிலேயே சமைப்போம் என்று கிளம்பின. போக்ஸ்வாகன் 2020-இல் தனி மென்பொருள் அமைப்பே தொடங்கியது, பிறகு அதற்குக் கேரியட் என்று பெயர் வைத்தது. அங்கே மென்பொருள் தாமதமாகி எலெக்ட்ரிக் போர்ஷே மக்கான் தள்ளிப் போனதும், 2024-இல் அமெரிக்காவின் ரிவியனோடு கைகோத்து 500 கோடி டாலர் வரை போடுகிறோம் என்று அறிவித்ததும் செய்தியில் வந்தவை. இந்த ஊஞ்சல் எல்லாக் கம்பெனியிலும் ஆடுகிறது. "நாமே எழுதுவோம்" என்ற வருஷத்தில் ஆள் எடுப்பார்கள். "வாங்கிக்கொள்வோம்" என்ற வருஷத்தில் அந்த ஆளைக் கூட்டத்தில் உட்கார வைப்பார்கள். நான் இருந்த காலத்தில் இரண்டு முறை அமைப்பை மாற்றினார்கள், எனக்கு நாலு மேனேஜர்.

லேபில் பெட்டிகளைக் கட்டிவைத்த மேஜைக்கு பெஞ்ச் என்று பெயர். காரே இல்லாமல் கார் ஓடுவதாக அந்தப் பெட்டியை நம்பவைக்கும் ஏற்பாடு. அது வீட்டுக்கு வராது. ஆகவே வொர்க் ஃப்ரம் ஹோம் என்று எச்ஆர் சொல்வதைப் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள். பெஞ்ச் குறைவு, ஆள் அதிகம், எக்செல் ஷீட்டில் பெயர் போட்டு இடம் பிடிக்க வேண்டும், ராத்திரி ஸ்லாட்தான் புதியவர்களுக்கு. தலைமையகத்தோடு கால் எப்போதும் ராத்திரி எட்டரைக்கு. வெள்ளிக்கிழமை அந்தப் பேச்சை முடித்துவிட்டுக் கடலூர் வண்டி பிடித்தால் வீடு சேர ஒரு மணி. பெண்களுக்கு இரவு கேப் ஒழுங்காக வரும், டிரைவரோடு ஒரு செக்யூரிட்டியும் வருவார். இதில் ஒரு நாளும் குறை வைத்ததில்லை, சொல்லியாக வேண்டும்.

நல்லது இன்னும் இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு "சர்வர் விழுந்துவிட்டது" என்று யாரும் எழுப்ப மாட்டார்கள். எதைச் செய்தாலும் "இது தவறினால் யாருக்கு அடிபடும்?" என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிற பழக்கம் வந்துவிடும். ஐஎஸ்ஓ 26262 என்று 2011-இல் வந்த பாதுகாப்புத் தரம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் ஆபத்தின் அளவைப் பார்த்து ஏ முதல் டி வரை தரம் பிரிப்பார்கள். ஏர்பேக், பிரேக் எல்லாம் டி பக்கம். அந்தக் கூட்டங்கள் சலிப்பாக இருக்கும், ஆனால் யாரும் விளையாட்டாகப் பேச மாட்டார்கள். ஸ்டியரிங்கைப் பிடிக்கும் எல்லாருக்காகவும் ஒருவர் எங்கேயோ உட்கார்ந்து பயப்படுகிறார் என்பதை அங்கேதான் பார்த்தேன்.

என் சொந்த விஷயம் ஒன்று. எனக்குக் கிடைத்தது கதவு, விண்டோ, லாக் பெட்டிகளின் டயக்னாஸ்டிக்ஸ். அதாவது, பழுது வந்தால் எந்த எரர் கோடு பதிவாக வேண்டும் என்று எழுதும் வேலை. ஷெட்டில் அப்பா பழுதைப் படிக்கும் ஸ்கேனர் கருவியை வண்டியில் செருகினால் வருமே, யு-வில் தொடங்கும் "லாஸ்ட் கம்யூனிகேஷன்" (ஒரு பெட்டியோடு பேச்சு அறுந்துவிட்டது), அந்த மாதிரிக் கோடு. அப்பா படித்துத் திட்டுகிற வரியை இனி நான்தான் எழுதப் போகிறேன் என்று வீட்டில் பெருமையாகச் சொன்னேன்.

அப்பாவின் நெடுநாள் புகார் இது: "வண்டி ஓட்றவன் சொல்றான் நாலு வாட்டி கதவு லாக் விழலைன்னு. ஸ்கேனர் போட்டா பழுதே இல்லைங்குது. அப்ப அவன் பொய் சொல்றானா?" பொய் இல்லை. பழுது ஒரு குறிப்பிட்ட நேரம் விடாமல் நீடித்தால்தான் கோடு பதிவாகும்படி பெட்டியில் எழுதியிருப்பார்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு கோடு விழும். கப்ளரில் களிம்பு பிடித்த வண்டியில் பழுது கண் சிமிட்டுகிற நேரம் வந்து போகும். பதிவாகாது. கடலூர், பாண்டி, நாகை என்று உப்புக் காற்று அடிக்கிற ஊர் மெக்கானிக் எல்லாருக்கும் இதே தலைவலி.

பதிவாகாத அந்தச் சின்னச் சின்ன விடுபடல்களை ஒரு கவுன்டரில் எண்ணி வைத்தால் என்ன என்று கேட்டேன். ஒரு பைட் போதும். 255 வரை எண்ணலாம், அதற்கு மேல் எண்ணத் தேவையும் இல்லை. கோட்டாக எழுதினால் பத்து வரி. ஒப்புதல் கிடைக்க ஐந்து மாதம். சப்ளையர் மாற்றத்துக்குத் தனி விலை கேட்டார், அந்தப் பேரம் மூன்று மாதம். "தரவுகளோடு பேசிப் புரியவைப்பேன்" என்று அன்றைக்குச் சொன்னவள், அந்த மூன்று மாதத்தில் தரவு எதுவும் வேலைக்கு ஆகாமல், கடைசியில் அவர்கள் ஆளிடம் வேறொரு மாற்றத்தை நான் விட்டுக்கொடுத்து இதை வாங்கினேன். காலங்காலமாக மேஸ்திரிகள் செய்வதுதான். பிறகு மென்பொருளைப் பூட்டும் தேதிக்குள் நுழைக்க ஓட்டம். பூட்டிய பிறகு ஒரு புள்ளியை மாற்றக்கூட மேலிடம் வரை போக வேண்டும். நான் கேட்டது 2022 கடைசியில், வண்டி ஷோரூமுக்கு வந்தது 2024 நடுவில். அங்கே இருந்தவர்கள் இதை வேகம் என்றார்கள்.

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 ராத்திரி பாண்டி பக்கம் கரையைக் கடந்தது நினைவிருக்கும். பாண்டி ரெயின்போ நகரில் கார்கள் மிதந்தன. அடுத்த வாரங்களில் அப்பா ஷெட்டில் நிற்க இடமில்லை, கார்ப்பெட்டை உரித்து வெயிலில் காயப்போட்டு, தெருவே நாய் நனைந்த வாசனை. நான் சனிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது உள்ளே ஒரு பிஒய்-01, பாண்டி நம்பர் வண்டி நின்றது. எங்கள் கம்பெனி வண்டி. புதுசு. ஷோரூமில் இருபது நாள் வரிசை என்றதால் பழக்கத்துக்காக இங்கே தள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். புகார்: இடது பக்கக் கதவு சில நேரம் லாக் ஆகிறது, சில நேரம் இல்லை.

எனக்குக் கை பரபரத்தது. "அப்பா, ஸ்கேனர் போடு, ஒண்ணு காட்டறேன்" என்றேன். போட்டார். பழுது எதுவும் இல்லை என்று வந்தது. "அதில்ல, உள்ள போ, கூடுதல் தகவல்னு இருக்கும்." அப்பாவின் ஸ்கேனர் சீனாவில் செய்தது, எல்லாக் கம்பெனி வண்டிக்கும் பொது. கம்பெனிக்கென்று தனியாக வைத்த விவரங்கள் அதில் வராது. அது ஷோரூம் கருவியில்தான் தெரியும். நான் எழுதும்போது இது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த நிமிஷம் வரை யோசித்ததே இல்லை.

அப்பா ஸ்கேனரைப் பிடுங்கி வைத்துவிட்டு, முன் சீட்டுக்குக் கீழே கையை விட்டு, ஒவ்வொரு கப்ளராக ஆட்டிக்கொண்டே போனார். மூன்றாவதில் லாக் தானாக 'டக்' என்றது. கழற்றிக் காட்டினார், உள்ளே பச்சையாகப் பூத்திருந்தது.

"உங்க ஆபீஸ்ல இதை இங்க வச்சது யாரு?" என்றார்.